பதினோரு மார்க் கம்பவுண்டர்

மருந்து கலக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என்னைப் பேசச் சொன்னார்கள். மேடையில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வேலையைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் கலக்கிய மருந்துகளில் பாதி இன்று அலமாரியிலேயே இல்லை.

உங்களில் சிலர் டாக்டர் படிப்புக்குத் தேர்வு எழுதி, இடம் கிடைக்காமல், சரி இதுவாவது இருக்கட்டும் என்று வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பெண் முதல் வாரம் முழுக்க யாரிடமும் பேசவே இல்லையாம். யாரென்று நான் விசாரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொல்கிறேன். நானும் அந்தத் தேர்வை எழுதியவள்தான். நூற்றுக்குப் பதினொன்று வாங்கினேன். அதைவிடக் குறைவாக வாங்கியவர் யாராவது இந்த அறையில் இருந்தால் கை தூக்கட்டும். என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டே பேசுகிறேன்.

முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் வீடு ஆம்பூரில். அப்பா ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், முடி கழல்வதற்காகத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிக்கு மேஸ்திரி. நான் வேலூரில் போர்டிங்கில் தங்கி ஹைஸ்கூல் முடித்தேன். பெண்களை டாக்டர்களாக்கும் வைத்தியப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு நடக்கிறது என்று எங்கள் தலைமை ஆசிரியை வந்து சொன்னபோது வகுப்பில் இரண்டு பேர் எழுந்து நின்றோம். ஒருத்தி நான், லீதியா. இன்னொருத்தி எஸ்தர், காட்பாடிக்காரி, போஸ்ட் மாஸ்டர் மகள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே மூட்டைப்பூச்சிக்கு நாலு வருஷம் ரத்தம் கொடுத்தவர்கள் நாங்கள்.

எங்கள் பள்ளியில் பைபிள் நன்றாகச் சொல்லித்தந்தார்கள். இங்கிலீஷும் தையலும் நன்றாகச் சொல்லித்தந்தார்கள். விஞ்ஞானம் என்றால் கரும்பலகையில் ஒரு தவளை. அவ்வளவுதான். ரசாயனப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி ஆறு வாரம் படித்தேன். எஸ்தருக்கு அவள் அண்ணன் சொல்லித்தந்தான். எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை என்று சாக்குச் சொல்லமாட்டேன். அவளுக்கு அது புரிந்தது, எனக்குப் புரியவில்லை. அதுதான் உண்மை.

தேர்வில் பன்னிரண்டு கேள்விகள். ஒன்றுக்கு முழுதாகப் பதில் தெரிந்தது, இன்னொன்றுக்குப் பாதி. எழுதி முடித்தபோது முதல் அரைமணிகூட ஆகவில்லை. சுற்றிலும் பேனாக்கள் கீறிக்கொண்டிருந்தன. எஸ்தர் எழுந்து கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள். நான் மீதி நேரம் முழுக்கக் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதி வைக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. அது நேர்மை என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். பொய்யை நிஜம் போல எழுத எனக்குத் தெரியவில்லை.

கடிதம் ஆம்பூருக்கு வந்தது. டைப் அடித்த நாலு வரி, அதன் கீழே மையில் எழுதிய மார்க். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆகவே என் தோல்வியை நானே தமிழாக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

"பதினொன்னுன்னா எவ்ளோக்கு?" என்று கேட்டார்.

"நூத்துக்குப்பா."

கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எஸ்தரு?"

"பாஸ்."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். எவ்வளவு கழுவினாலும் சுண்ணாம்பு போகாத கை அது. அன்று ரொம்ப நேரம் கழுவினார்.

கடிதம் வருவதற்கு முன்பே அப்பா ஷாப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். குழியில் இறங்கி வேலை செய்கிறவர்களிலிருந்து முதலாளி சாயபு வரை எல்லோருக்கும் தெரியும், மேஸ்திரி மகள் டாக்டரம்மாவாக வரப்போகிறாள் என்று. மறுநாள் காலை அவர் சாப்பிடாமலே போய்விட்டார். தூக்குச் சட்டியில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். ஷாப்பு வாசலில் நின்றபோது உள்ளே அவர் குரல் கேட்டது. வேலை தொடங்கும் முன் எல்லோரையும் குழி ஓரத்தில் நிறுத்தியிருந்தார்.

"என் பொண்ணுக்கு டாக்டர் பரிச்சையில பதினோரு மார்க்கு. நூத்துக்கு. யாராச்சும் எதுனா கேக்கறதுன்னா இப்பவே கேட்டுடுங்க. நாளைக்கு யாரும் கேக்கக் கூடாது."

தோல் புரட்டும் நீளக் கோலோடு நின்ற ஓர் ஆள் சொன்னார்: "பதினொன்னாச்சும் வந்துச்சே மேஸ்திரி. எங்கூட்ல பரிச்ச எழுதற எடத்துக்கே யாரும் போவல."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். நான் தூக்கை வாசலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னைப் பற்றி எனக்கு இருந்த வெட்கம் அன்று குறையவில்லை. ஆனால் இந்த மனுஷனுக்குப் பிறந்தவள் நான் என்ற பெருமை அன்றுதான் வந்தது.

மூன்று வாரம் நான் ஞாயிறு ஆராதனைக்குக்கூடக் கோயிலுக்குப் போகவில்லை. அதன்பிறகு ஆம்பூரிலேயே இருந்த சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். அங்கே தலைமை டாக்டராக இருந்தவரை ஊரே பெரிய டாக்டரம்மா என்றுதான் சொல்லும். பெயர் சொல்ல வேண்டாம், தன் பெயரை யாரும் எங்கும் போடுவது அவருக்குப் பிடிக்காது. போனதும் உட்காரச் சொல்லவில்லை.

"வைத்தியப் பள்ளித் தாள் திருத்தறவங்கள்ல நானும் ஒருத்தி. உன் பேப்பரைத் திருத்தினது நான்தான்" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒன்பதாவது கேள்விக்கு ஏன் ஒண்ணுமே எழுதல?"

"தெரியாதும்மா."

"பத்தாவது?"

"அதுவும் தெரியாதும்மா."

"மத்த பொண்ணுங்களுக்கும் தெரியாது. பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. பாதரசத்தைப் பால்ல கலந்து குழந்தைக்குக் குடுக்கலாம்னு ஒருத்தி எழுதியிருக்கா. நீ தெரியாத எடத்துல தாளை வெள்ளையா விட்டுட்டே. எனக்கு மருந்து ரூம்ல அப்படி ஒரு ஆள் வேணும். வர்றியா?"

என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். உடனே சொன்னார்: "டாக்டர் படிப்புக்கு நீ லாயக்கில்ல. அது வேற விஷயம். அதை மறந்துட்டு வா."

இப்படித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். மூன்று வருஷம் கலக்கவும் நிறுக்கவும் அளக்கவும் கற்றுக்கொண்டேன். கம்பவுண்டர் பரீட்சையில் முதல் தடவையே தேறினேன். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பாட்டில் மேல் ஒட்டும் டோஸ் காகிதத்தை என்னைப் போல நறுக்க அந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்று பெரிய டாக்டரம்மாவே சொன்னார்.

ஆனால் ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வளர்ந்தது. அதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நான் யாரிடமும் எதையும் கேட்கமாட்டேன். தெரியாததைச் செய்யமாட்டேன், அது சரி. ஆனால் கேட்கவும் மாட்டேன். கேட்டால், "பதினொன்று வாங்கியவள்தானே" என்று நினைப்பார்கள் என்று பயம். யாரும் அப்படி நினைத்ததாக எனக்கு ஒரு சாட்சியும் இல்லை. எனக்குள்ளேயே ஒருத்தி உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் ஒரு தோல் ஷாப்பிலிருந்து ஓர் ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோலில் ஒட்டிய சதையைச் சீவும் கத்தி பத்து நாளைக்கு முன் பாதத்தில் பட்டிருக்கிறது. மஞ்சள் அப்பிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது தனுர்வாயு. தாடை இறுகிவிட்டது. ஒரு கதவு சத்தம் கேட்டால் போதும், உடம்பு வில் மாதிரி வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் படும். நினைவு மட்டும் முழுசாக இருக்கும். அதுதான் அந்த நோயின் கொடுமை. அவர் மனைவி காலடியில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டரம்மா சீட்டு எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். தசையைத் தளர்த்தித் தூங்க வைக்கும் மருந்து. அளவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. புத்தகத்தில் இருப்பதைப் போல மூன்று பங்கு. இவ்வளவு கொடுத்தால் ஆள் எழுந்திருக்கமாட்டாரே என்று நினைத்தேன். கலக்கவில்லை. சீட்டை எடைக்கல்லின் அடியில் வைத்துவிட்டு, டாக்டரம்மா திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மற்ற சீட்டுகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அடுத்த வார்டு இருபது அடி தூரம்கூட இல்லை. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்களோ என்று போகவில்லை.

அரைமணி நேரம். அந்த அரைமணியில் ஐந்து தடவை அவர் உடம்பு வளைந்தது. எண்ணியது அவர் மனைவி. பிற்பாடு அவள்தான் சொன்னாள்.

டாக்டரம்மா திரும்பி வந்து, மருந்து போகவில்லை என்று தெரிந்ததும் மருந்து ரூமுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

"இன்னா ஆச்சு?"

"அளவு ஜாஸ்தியா இருந்துச்சும்மா. அதான்..."

"தனுர்வாயுக்கு அவ்ளோதான் குடுக்கணும். தெரிஞ்சுதான் எழுதினேன். சந்தேகம்னா நிறுத்தினது சரி. ஏன் வந்து கேக்கல?"

எடைக்கல்லின் அடியிலிருந்து சீட்டை எடுத்தேன். அவர் கத்தவில்லை. "கலக்கு" என்றார். கலக்கினேன். அளவுக் கிளாசை மேஜைமேல் வைத்துக் குனிந்து பார்த்து ஊற்றினேன்.

அந்த ஆள் நான்காம் நாள் செத்துப்போனார். உன் தாமதத்தால் இல்லை, வரும்போதே முற்றிவிட்டிருந்தது என்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்த ஐந்து வளைவும் என்னுடையவை. எனக்கு வந்த ஒரு வெட்கத்துக்காக வேறொருவர் வலி பட்டார். பதினொன்று வாங்கியதற்காக நான் எந்த நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. இதற்குக் கேட்டேன். அந்த மனைவியின் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் செய்தது சரி.

தெரியாது என்று கையை நிறுத்துவது பாதி வேலைதான். எழுந்து போய்க் கேட்பதுதான் மீதி. அன்றிலிருந்து நான் கேட்க ஆரம்பித்தேன். டாக்டரை, நர்ஸை, வார்டு கூட்டுகிறவளைக்கூட. சில பேர் சிரித்தார்கள். சிரிப்பால் யாருக்கும் உடம்பு வளையவில்லை.

வருஷங்கள் போயின. பெரிய டாக்டரம்மாவுக்கு வயதாகி, காலையில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினார். அவருக்குக் கீழே ஒரு புது டாக்டர் வந்தாள். ஜட்காவிலிருந்து இறங்கியவளைப் பார்த்தால் எஸ்தர்.

என்ன சொல்வது? சந்தோஷம்தான். கட்டிக்கொண்டோம். ஆனால் மறுநாள் காலை அவள் சீட்டு எழுதி, நான் ஜன்னலில் நின்று கலக்கிக் கொடுத்தபோது இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. தனியாக இருக்கும்போது 'எஸ்தரு', 'நீ'. ஆட்கள் முன்னால் 'டாக்டரம்மா', 'நீங்க'. அவளும் பதிலுக்கு என்னை 'நீங்க' என்றாள். ஒரே மூட்டைப்பூச்சி கடித்தவர்கள் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டு நர்ஸுகள் சிரிப்பார்கள். நல்ல டாக்டர் அவள். கைராசிக்காரி என்று ஒரே வருஷத்தில் பேர் வாங்கினாள். எனக்குப் பொறாமை இருந்ததா என்றால், முதல் மாதம் இருந்தது. பிறகு அவள் கால் வீங்கும்வரை நிற்பதைப் பார்த்தேன், போய்விட்டது.

இப்போது நான் சொல்லப்போகும் நாளில் அவள் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு விடியற்காலையிலிருந்து வலி, குழந்தை குறுக்கே கிடந்தது. அந்தப் பெண்ணிடமிருந்து நடுவில் பத்து நிமிஷம் வெளியே வந்து, காத்திருந்த கூட்டத்தில் ஏழெட்டுப் பேரை நின்றபடியே பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். நேரம் காலை பதினொரு மணி இருக்கும்.

அந்தச் சீட்டுகளில் ஒன்று இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு. கக்குவான் இருமல். ஒரு சாயபு வீட்டுக் கல்யாணத்துக்காக வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த குழந்தை. அத்தைக்காரி இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து ஜன்னலில் நின்றாள். மத்தியான ரயிலுக்குப் போக வேண்டும், ஜட்கா வாசலில் நிற்கிறது. குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இருமல் வரும்போது மட்டும் முகம் நீலமாகிவிடும், முடிந்ததும் மறுபடி கம்பியை ஆட்டும்.

சீட்டில் இருந்த ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அபின் டிங்சர், இரண்டு டிராம்.

உங்களுக்கு இது புரிய ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். டிராம் என்பது ஒரு சின்னக் கரண்டி அளவு. அந்தக் காலத்தில் அபினைச் சாராயத்தில் ஊறவைத்துச் செய்த டிங்சர் இரண்டு உண்டு. ஒன்று வெறும் அபின் டிங்சர். அது பூட்டிய விஷ அலமாரியில் இருக்கும், சாவி என் இடுப்பில். இன்னொன்று கற்பூரம் சேர்த்த அபின் டிங்சர். அது இருமலுக்குக் கொடுப்பது, திறந்த அலமாரியிலேயே இருக்கும். இரண்டும் பழுப்புத் தண்ணீர்தான். ஆனால் முதலாவதற்கு இரண்டாவதைப் போல இருபது மடங்கு வீரியம். இரண்டு டிராம் கற்பூர டிங்சர் அந்தப் பாட்டில் முழுக்கக் கலந்தால் குழந்தைக்கு இருமல் அடங்கும். இரண்டு டிராம் வெறும் டிங்சர் கலந்தால் முதல் கரண்டியிலேயே தூங்கும், பிறகு எழுந்திருக்காது.

சீட்டில் 'கற்பூரம்' என்ற சொல் இல்லை.

விட்டுப்போன சொல்தான் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. திறந்த அலமாரியிலிருந்து கற்பூர டிங்சரை எடுத்து ஊற்றிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ரயிலைப் பிடித்துவிடுவார்கள். எஸ்தருக்கும் சங்கடம் இல்லை, எனக்கும் இல்லை. உங்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்வீர்கள், அதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் நினைப்பீர்கள். ஆனால் டாக்டர் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? மருந்தின் பெயர் சரியாக இருந்து, அளவுதான் தப்பாக இருந்தால்? ஒரு தடவை நான் என் மனசுக்குள்ளேயே முடிவு கட்டி ஒரு மனுஷனை அரைமணி நேரம் வதைத்திருக்கிறேன். பாட்டிலை வைத்துவிட்டுப் பிரசவ அறைக்குப் போனேன்.

கதவில் நர்ஸ் நின்றாள். "இப்ப வேணாம்மா. உள்ள ரொம்ப கஷ்டமான நேரம்."

"ஒரே ஒரு கேள்வி."

உள்ளேயிருந்து எஸ்தரின் குரல் வந்தது. "யாரு அங்க? இன்னா?"

"டாக்டரம்மா, இருமல் சீட்டுல ஒரு சந்தேகம்."

"எழுதினபடி கலக்கிக் குடுங்க!"

"ஒரு நிமிஷம் நீங்க பாத்துட்டா..."

"பாக்கறதுக்குத்தான் நான் டாக்டரா இருக்கேன் லீதியா! கலக்கறதுக்குத்தான் நீங்க இருக்கீங்க! போங்க!"

தாழ்வாரத்தில் பத்துப் பேராவது உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பதினொன்று என் காதில் மணி அடித்த மாதிரி கேட்டது. அவள் சொன்னது பொய்யா? இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கேள்வித்தாளை எழுதினோம். அவள் தேறினாள், நான் தேறவில்லை. நான் யார் அவளைக் கேட்க?

திரும்பி நடந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், மருந்து ரூம் வரை திரும்பி வந்துவிட்டேன்.

ஜன்னலில் அத்தைக்காரி பொறுமையிழந்திருந்தாள். "இன்னாம்மா இவ்ளோ நேரம்? ரயில் போய்டும். ஒரு தண்ணி மருந்துக்கு இவ்ளோ பேஜாரா?"

குழந்தை கம்பி வழியாக என்னிடம் கையை நீட்டியது, பாட்டில் வேண்டுமாம். அந்தக் கை பாட்டிலைக் கேட்கிறது, பாட்டிலில் என்ன போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 'எனக்குச் சந்தேகம்' என்று போய் நின்றால் பேச்சு என்மேல் போகிறது. நான் யார், எனக்கு என்ன தெரியும் என்றுதான் அவள் நினைக்கிறாள். என்னை நடுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். சீட்டு மட்டும் பேசட்டும்.

மறுபடி போனேன். நர்ஸ் வாயைத் திறக்கும் முன் கதவுக்கு நேரே நின்று, ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற மாதிரி உரக்க வாசித்தேன்.

"ரெண்டு வயசுப் பெண் குழந்தை. கக்குவான். அபின் டிங்சர், ரெண்டு டிராம்."

உள்ளே வலியில் முனகிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் மட்டும் கேட்டது.

"திரும்பப் படிங்க."

"ரெண்டு வயசு. அபின் டிங்சர். ரெண்டு டிராம்."

"ஐயோ" என்றாள் எஸ்தர். அப்புறம், "லீதியா, குடுத்துட்டியா?"

ஆட்கள் முன்னால் அவள் என்னை 'நீ' என்று கூப்பிட்டது அதுவே முதல் தரம்.

"இல்ல. பாட்டில் ரூம்லதான் இருக்கு."

"கற்பூரம். கற்பூர டிங்சர். என் கை இங்க மாட்டிக்கிச்சு, வர முடியாது. நீயே சீட்டுல எழுது. நர்ஸம்மா கேட்டாங்க, அவங்க கையெழுத்துப் போடட்டும். நான் அப்பறம் போடறேன்."

எழுதினேன். நர்ஸ் கையெழுத்துப் போட்டாள். போய்க் கலக்கினேன். டோஸ் காகிதம் நறுக்கி ஒட்டினேன். அதற்குள் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் கூவிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. அத்தைக்காரி என்னைத் திட்டிய திட்டு எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. உருதுவில் பாதி, தமிழில் பாதி. பாட்டிலை வாங்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

மத்தியானத்துக்குமேல் பிரசவ அறையில் குழந்தை அழுதது. தாயும் பிழைத்தாள். சாயந்தரம் எஸ்தர் மருந்து ரூமுக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சீட்டை எடுத்து, நான் எழுதியதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கற்பூரம்தான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். "நீயே ஊத்திக் குடுத்திருக்கலாம். நான் கத்தின கத்தலுக்கு வேற யாராயிருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க."

"தெரியும்னு தோணிச்சு எஸ்தரு. தோணறது வேற, தெரியறது வேற."

அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பெருமை மறுநாள் வந்தது.

தினமும் காலை ஜெபத்துக்கு ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லோரும் கூடுவோம். பெரிய டாக்டரம்மா, நர்ஸுகள், சமையல்காரர், வார்டு கூட்டுகிறவள், எல்லோரும். ஜெபம் முடிந்து கலையப் போகும்போது எஸ்தர் எழுந்து நின்றாள்.

"நேத்து நான் ஒரு சீட்டுல ஒரு வார்த்தைய விட்டுட்டேன். அதை அப்படியே கலக்கியிருந்தா ஒரு குழந்தை செத்திருக்கும். லீதியா ரெண்டு தடவை வந்து கேட்டாங்க. மொத தடவை நான் எல்லார் முன்னாலயும் அவமானமாப் பேசினேன். எல்லார் முன்னாலயும் பேசினதால எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன். இனிமே அபின் எழுதற எந்தச் சீட்டையும் எங்கிட்ட படிச்சுக் காட்டாம யாரும் கலக்கக் கூடாது. நான் கத்தினாலும் படிங்க."

பெரிய டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

எஸ்தர் அதோடு விடவில்லை. ஜட்கா பிடித்துக் கல்யாண வீட்டுக்கே போய், ரயில் ஏன் தவறியது என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று மத்தியானம் அந்த அத்தைக்காரி மறுபடி என் ஜன்னலுக்கு வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பிக் காட்டச் சொன்னேன். குழந்தை கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்துக் கோபமாகச் சிணுங்கியது. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன்.

"நேத்து ஜாஸ்தியா பேசிட்டேன்" என்றாள் அவள். "உங்கள மாதிரி படிச்சவங்க இருக்கறதாலதான் எங்க புள்ளைங்க பொழைக்குது. நீங்க இன்னா பரிச்ச பாஸ் பண்ணீங்க?"

"கம்பவுண்டர் பரிச்சை" என்றேன். "டாக்டர் பரிச்சையில ஃபெயில். பதினோரு மார்க்கு."

அதுவரை என் வாயால் அந்நியர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல" என்றாள். "எழுதிக் குடுக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க. படிச்சுப் பாக்கறவங்க கம்மி."

அதற்குப் பிறகு அந்த ஜன்னலில் இன்னும் பல வருஷம் நின்றேன். கண் மங்கும்வரை நின்றேன். எத்தனையோ தவறு செய்திருக்கிறேன், பாட்டில் உடைத்திருக்கிறேன், ஒரு தடவை லேபிளைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஜன்னல் வழியாக என் கையால் வெளியே போன பாட்டில் ஒன்றில்கூட, இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்து நான் ஊற்றியது ஒரு துளியும் கிடையாது. டாக்டராக ஆகியிருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. கம்பவுண்டராக நின்று சொல்கிறேன்.